குன்றுதோறும் – 7: அரைமலையின் உளியோசை

கதை இதுவரை:

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர், மலேசியாவின் பகாங் மாநிலத்து மேற்கு ஓரத்தில் குளிர்ந்த மேட்டுநிலம் ஒன்றை, இன்றைய கேமரன் மலையை, கண்டதாகக் குறித்துவைத்தார். நாற்பது ஆண்டுகள் அந்தக் குறிப்பு கிடப்பில் கிடந்தது. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் ஏறி வந்து பார்த்த பிறகுதான் மலை நகரம் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தேயிலைக்கு நிலம் கேட்டு வாங்கினார். போ தோட்டம் பிறந்தது. இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். காடு வெட்டியவர்களும், சரிவுகளில் செடி நட்டவர்களும், கொழுந்து கிள்ளியவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள்.

தோட்டம் எழுந்த இடமெல்லாம் கோயில் எழுந்தது. முதலில் மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம் அல்லது வேல். பிறகு தகரக் கூரை. சம்பளக் காசில் ஆளுக்குக் கொஞ்சம் வரி போட்டுச் சுவரும் மண்டபமும். தானா ராத்தாவில் சுப்பிரமணியர் அமர்ந்தார். பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி அமர்ந்தார்.

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தினோம். மலையைக் கண்டதும் அங்கே தெய்வத்தைக் குடிவைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் எத்தனை ஆழத்தில் வேரோடியிருக்கிறது?

அந்த வேரைத் தேடி இந்த வாரம் கடலைத் தாண்டுகிறோம்.

*

மலேசியத் தைப்பூசங்களில் காவடி எடுப்பவர்களின் கால்களுக்கு வேகம் கொடுப்பது காவடிச் சிந்து. அந்தச் சிந்துக்கு இலக்கியத்தில் நிலையான இடம் வாங்கிக் கொடுத்தவர், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். இளம் வயதிலேயே இறந்துபோன பெரும் கவிஞர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். அவர் பாடிய முருகன் பழநி முருகனும் அல்ல, திருச்செந்தூர் முருகனும் அல்ல. கழுகுமலை முருகன்.

அந்த ஊருக்குத்தான் போகிறோம்.

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது கழுகுமலை. சுற்றிலும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து; பெய்யாவிட்டால் வெடித்த கறுப்பு மண். அந்தச் சமவெளியின் நடுவே மரமில்லாத ஒற்றைப் பாறைக் குன்று. அதன் காலடியைச் சுற்றித் தெருக்கள், தேர், தெப்பக்குளம். பங்குனி உத்திரத்துக்கும் தைப்பூசத்துக்கும் கந்தசஷ்டிக்கும் சுற்றுக் கிராமங்கள் மொத்தமும் இங்கே கூடிவிடும்.

மலையடிவாரத்தில் பாறையைக் குடைந்த கருவறையில் கழுகாசலமூர்த்தி இருக்கிறார். ஒரு முகம், ஆறு கரங்கள், மயில்மேல் அமர்ந்த கோலம், மேற்கு பார்த்த சந்நிதி. கருவறைக்கு மேலே தனியாக விமானம் எழுப்பவில்லை. மலையே விமானம். இராவணனால் மாண்ட ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்ய முடியாமல் தவித்த அண்ணன் சம்பாதி, இங்கே முருகனை வழிபட்டு அந்தப் பாரத்தைத் தீர்த்துக்கொண்டான் என்பது தலபுராணம்.

எட்டயபுரம் ஜமீனின் பராமரிப்பில் இருந்த கோயில் இது. எட்டயபுரம் என்றதும் பாரதியார் நினைவுக்கு வருவார். இசை தெரிந்தவர்களுக்கு, அங்கேயே 1835இல் காலமான முத்துசுவாமி தீட்சிதர் நினைவுக்கு வருவார். வறண்ட நிலம் இத்தனை பாட்டைத் தந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் நம் கதை அடிவாரத்தில் இல்லை. மேலே ஏற வேண்டும்.

மலையின் மேற்பகுதியில், பாறைக்குள் இறக்கப்பட்ட ஒரு பெரும் பள்ளத்தில் நிற்கிறது சிவனுக்கான வெட்டுவான் கோயில். முழுக்கோயிலும் ஒரே கல். அதிலிருந்து சற்று நடந்தால் இன்னொரு பாறை முகம். அதில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், ஏறத்தாழ 150 புடைப்புச் சிற்பங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில் ஏறத்தாழ 100 கல்வெட்டுகள். அருகிலேயே ஊர்க்காரர்கள் கும்பிடும் ஐயனார். உச்சியில் பிள்ளையார்.

முருகன், சிவன், அருகன், ஐயனார், பிள்ளையார். ஒரே குன்று.

இவர்களில் இருவருக்கான உளிகள் ஒரே நூற்றாண்டில் ஒலித்தன. அந்த ஓசைதான் இந்த வாரத்துக் கதை.

*

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. மதுரையில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் ஆள்கிறான். ஏறத்தாழ 768இல் அரியணை ஏறியவன். மூன்றாம் ஆட்சியாண்டிலேயே, பறிபோன ஒரு பிரம்மதேயத்தை, அதாவது பிராமணருக்கு அளித்த நிலக்கொடையை, உரியவருக்கு மீட்டுக் கொடுத்தான். அந்த உத்தரவுதான் புகழ்பெற்ற வேள்விக்குடிச் செப்பேடு. பாண்டியர் வரலாற்றின் பாதியை நாம் அந்தச் செப்பேட்டிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

இவன் காலத்தில் பாண்டிநாட்டுப் பாறைகளுக்கு ஓய்வே இல்லை. மதுரைக்கு அருகே ஆனைமலையில் இவனுடைய அமைச்சன் மாறன் காரி 770ஆம் ஆண்டு நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தான். பணி முடியும் முன்பே அவன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் சேர்த்து நிறைவு செய்தான். அதே ஆனைமலையின் இன்னொரு பாறையில் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கழுகுமலையில் நாம் காணப்போகும் காட்சிக்கு அது முன்னோட்டம்.

அரசன் எந்தச் சமயம்? அவனுடைய இன்னொரு செப்பேடான சீவரமங்கலச் செப்பேடு அவனைப் பரம வைணவன் என்கிறது. வைணவ அரசன். அவன் நாட்டில், அவன் காலத்தில், ஒரு குன்றின் ஒரு பக்கம் சிவனுக்கு ஒற்றைக்கல் கோயில். மறு பக்கம் சமணப் பள்ளி.

இங்கே நாம் கொஞ்சம் நின்று, நம் மனத்தில் பதிந்துபோன ஒரு படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்தார். அனல்வாதம், புனல்வாதம் நடந்தன. பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் சைவத்துக்குத் திரும்பினான். தோற்ற சமணர்கள் எண்ணாயிரம் பேர் கழுவேறினார்கள். நாம் கேட்டு வளர்ந்த கதை இது. விரிவாகச் சொன்னவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். கதை கேட்டவர் மனத்தில் அத்தோடு பாண்டிநாட்டுச் சமணம் முடிந்துவிடுகிறது.

வரலாற்றாசிரியர்களில் பலர் நெடுமாறனை அரிகேசரி மாறவர்மன் என்று அடையாளம் காண்கிறார்கள். நெடுஞ்சடையன் அந்த அரிகேசரியின் கொள்ளுப்பேரன். கொள்ளுப்பேரன் காலத்தில், மதுரைக்குத் தெற்கே, அரசமரபின் கண்ணெதிரே, சமணத் திருமேனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையில் எழுகின்றன. அவற்றுக்கு நிலமும் நெல்லும் வருகின்றன. சித்தாந்தம் சொல்லித்தர ஆசிரியர்கள் வருகிறார்கள்.

பாடலில் பகை இருந்தது. வாதத்தில் சூடு இருந்தது. ஆனால் பாறை சொல்லும் கதை வேறு, அதை நான் பாறையின் பக்கம் நின்றே படிக்கிறேன்.

*

இனி மெதுவாக நடப்போம். சிற்பிகள் மலையேறிவிட்டார்கள்.

கட்டடக் கோயிலுக்கு அடித்தளம் முதலில், கலசம் கடைசியில். வெட்டுவான் கோயிலில் எல்லாம் தலைகீழ். பாறையின் மேல்தளத்தில் ஒரு சதுரம் குறிக்கப்படுகிறது. அதைச் சுற்றிக் கல்லை வெட்டி அகற்றிக்கொண்டே கீழே இறங்குகிறார்கள். நடுவில் தனித்து நிற்கும் கல், கோயிலாக மாற வேண்டிய கல். ஏறத்தாழ 25 அடி ஆழம் இறங்கியிருக்கிறார்கள்.

இந்த முறையில் சாரம் கட்ட வேண்டாம். கல்லை மேலே ஏற்ற வேண்டாம். ஆனால் ஒரு பிழைக்கும் மன்னிப்பு இல்லை. கட்டடத்தில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே ஒரு நந்தியின் கொம்பு சிதைந்தால் அந்த மலையில் அந்த நந்திக்கு வேறு கொம்பு இல்லை. முதல் உளி விழும் முன்பே முழுக்கோயிலும் தலைமைச் சிற்பியின் மனத்துக்குள் அளவு பிசகாமல் எழுந்து நின்றிருக்க வேண்டும். சிகரத்தின் அகலத்தை முதல் நாளிலேயே முடிவு செய்கிறவர், பல ஆண்டுகள் கழித்து எட்டப்போகும் அடித்தளத்தின் அகலத்தையும் அன்றே முடிவு செய்துவிடுகிறார்.

இப்படி ஒற்றைக்கல்லில் கோயில் எடுக்கும் துணிச்சல் தென்னாட்டில் முன்பே இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் மாமல்லபுரத்தில் ரதங்களைச் செதுக்கினார்கள். ஆனால் அவை தரைக்கு மேலே துருத்தி நின்ற பாறைகள். மலைக்குள் இறங்கிப் பள்ளம் தோண்டி, அதன் நடுவே கோயிலை விடுவிக்கும் முறைக்குப் புகழ்பெற்றது எல்லோராவின் கயிலாசநாதர் கோயில். இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணனின் பணி. அவனும் எட்டாம் நூற்றாண்டுக்காரன். தக்காணத்தில் அவனுடைய சிற்பிகள் மலைக்குள் இறங்கிய அதே நூற்றாண்டில், கரிசல் காட்டின் நடுவே பாண்டிநாட்டுச் சிற்பிகளும் இறங்கினார்கள். எல்லோரா எரிமலைக் குழம்பு இறுகிய கல். கழுகுமலையோ உளியின் கூரை ஒவ்வொரு அடிக்கும் தின்றுவிடும் கடினப் பாறை. அளவில் எல்லோரா பெரிது. உழைப்பின் கடுமையில் கழுகுமலையைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சிகரம் எண்பட்டையாக வடிவெடுத்தது. அதன்கீழே கழுத்துப் பகுதி. மூலைகளில் நந்திகள், தலையைச் சற்றே திருப்பி, மூச்சு விடுவது போல. கூரை விளிம்பில் பூதகணங்கள். ஒன்று சிரிக்கிறது, ஒன்று ஆடுகிறது, ஒன்றுக்குத் தொந்தி தாளவில்லை. உமையோடு அமர்ந்த மகேசுவரன். வடக்கே பிரமன்.

தெற்கே தட்சிணாமூர்த்தி. இவரிடம் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும்.

ஆலமரத்தடியில் மௌனமாக அமர்ந்து, கைமுத்திரையால் ஞானம் சொல்பவராகத்தான் தட்சிணாமூர்த்தியை நாம் அறிவோம். சில இடங்களில் வீணை ஏந்துவார். இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. விரல்கள் தோலில் பதிந்திருக்கின்றன. தாளம் கேட்கும் நிலையில் முகம். இந்த வடிவத்தில் தட்சிணாமூர்த்தியை வேறெங்கும் காண்பது மிக அரிது. நாள் முழுதும் உளியும் சுத்தியும் தாளம் போட்டுக்கொண்டிருந்த பள்ளத்தில், தெய்வத்தின் கையிலும் தாளக்கருவியைக் கொடுத்த அந்தச் சிற்பியின் மனத்தை நினைத்துப் பாருங்கள்.

சிகரம் முடிந்தது. கழுத்து முடிந்தது. கணங்கள், நந்திகள், தேவர்கள் முடிந்தார்கள்.

சுவர்ப்பகுதிக்கு இறங்கும்போது பணி நின்றது.

இன்றும் அப்படியே நிற்கிறது. மேலே நகையணிந்த விமானம். கீழே உளித்தடம் பதிந்த வெறும் பாறை.

*

பக்கத்துப் பாறையில் உளி நிற்கவில்லை.

சமணப் பள்ளியின் சிற்பங்களில் பெரியவை சில, பேரழகு கொண்டவை. பார்சுவநாதர் அசையாமல் நிற்க, கமடன் பாறையைத் தூக்கி அவர்மேல் எறிய வருகிறான். தரணேந்திரன் ஐந்தலை நாகமாகக் குடை விரித்துக் காக்கிறான். தவத்தில் நின்ற பாகுபலியின் உடலில் கொடிகள் சுற்றிப் படர, சகோதரிகள் பிராமியும் சுந்தரியும் இருபுறமும் நிற்கிறார்கள். அம்பிகை என்னும் இயக்கி, சிங்கமும் பிள்ளைகளும் உடனிருக்க, ஒய்யாரமாக நிற்கிறாள். அம்பிகையின் கதை நம் கிராமத்துக் கதைகளுக்கு மிக அருகில் இருப்பது. திதிக்குச் சமைத்த சோற்றைப் பசியோடு வந்த துறவிக்கு இட்டதற்காகப் பிள்ளைகளோடு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண் அவள். பிறகு தெய்வமானவள். அப்படித் தெய்வமான பெண்களை நம் ஊர் எல்லைகளில் எத்தனை பேரைக் கும்பிடுகிறோம்!

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது பெரிய சிற்பங்கள் அல்ல. வரிசையாக, ஒரே அச்சில், ஒன்றரை இரண்டடி உயரத்தில் அமர்ந்திருக்கும் சிறிய தீர்த்தங்கரர்கள். பலவற்றின் கீழே ஓரிரு வரிகள். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்த திருமேனி. சில இடங்களில், இன்னாரைச் சார்த்தி, அதாவது இறந்துபோன ஒருவரின் நினைவாக, இன்னார் செய்வித்த திருமேனி.

யார் இந்த இன்னார்?

குயவர். தச்சர். கொல்லர். உழுதுண்ணும் வெள்ளாளர். தங்கள் குருவுக்காகச் செதுக்கச் சொன்ன மாணாக்கர். மாணாக்கருக்காகச் செதுக்கச் சொன்ன குருமார். கோட்டாற்றிலிருந்து வந்திருக்கிறார்கள், அது இன்றைய நாகர்கோவிலை ஒட்டிய ஊர். திருச்சாரணத்திலிருந்து வந்திருக்கிறார்கள், அது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால். இத்தனை தொலைவும் நடந்தோ மாட்டுவண்டியிலோதான் வந்திருக்க வேண்டும்.

பெண்களும் வந்தார்கள், ஆசிரியைகளாக. சமணத்தில் பெண் ஆசிரியர்களைக் குரத்தியர் என்பார்கள். திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் என்று பாறையில் அவர்கள் பெயர் நிற்கிறது. அவர்களுக்கு மாணாக்கர் இருந்தனர். ஆண் மாணாக்கரும் இருந்தனர். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண் தன் பெயரில், தன் படிப்பால் அறியப்பட்டு, அந்தப் பெயரைக் கல்லில் விட்டுப் போயிருக்கிறாள்.

அந்நாளில் இந்த மலைக்கு அரைமலை என்று பெயர். ஊர் திருநெச்சுரம். இங்கே இருந்த அருகன் அரைமலை ஆழ்வார் என்று கல்வெட்டில் குறிக்கப்படுகிறார். அவர் சந்நிதியில் சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியர்களுக்கு உணவளிக்க நிவந்தம் வைத்திருக்கிறார்கள். குணசாகர பட்டாரர் என்ற ஆசிரியரின் பெயர் வருகிறது. ஆகவே இது சிலைகள் மட்டும் கொண்ட மலை அன்று. படிக்க வருபவர்கள் தங்கி, சோறுண்டு, பாடம் கேட்டுப் போன கல்விக்கூடம்.

கேமரன் மலையில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும். அந்த மலைச்சரிவுகளைத் தேயிலையாக்கிய முதல் தலைமுறையின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? தோட்டத்துக் காலைப் பெரட்டில் அழைக்கப்பட்ட பெயர்கள், வருகைப் பதிவேடான செக்ரோலில் கிராணி எழுதிய பெயர்கள், அந்தத் தாள்களோடு போயின. நில அளவையாளரின் பெயர் மலைக்கு இருக்கிறது. தோட்டத் துரைமாரின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கரிசல் காட்டுக் குயவர் ஒருவருக்குக் கிடைத்த இரண்டு வரிக் கல்வெட்டு, எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கொழுந்துக் கூடை சுமந்த நம் பாட்டிகளுக்குக் கிடைக்கவில்லை.

*

சரி, வெட்டுவான் கோயில் ஏன் பாதியில் நின்றது?

ஊர் ஒரு கதை வைத்திருக்கிறது. தந்தையும் மகனும் சிற்பிகள். மனக்கசப்பில் பிரிந்தார்கள். தந்தை மேலே வெட்டுவான் கோயிலைச் செதுக்க, மகன் கீழே முருகன் கோயிலில் இறங்கினான். கீழே மகன் முந்திக்கொள்வதை அறிந்த தந்தை, ஆத்திரத்தில் சுத்தியை வீசினார். மகன் மாண்டான். அதன்பின் அவர் உளியைத் தொடவே இல்லை. இந்தக் கதையை வரலாறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதை ஒதுக்கவும் மாட்டேன். சிற்பிகள் இங்கே வாழ்ந்தார்கள், அவர்களுக்கும் குடும்பமும் கோபமும் துயரமும் இருந்தன என்று நினைவு வைத்திருப்பது இந்தக் கதை ஒன்றுதான். இன்ன அரசன் எடுப்பித்தான் என்று சொல்லும் கல்வெட்டுகூட வெட்டுவான் கோயிலில் இல்லை. அதன் காலத்தைச் சிற்ப அமைதியை வைத்துத்தான் அறிஞர்கள் எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள்.

இன்னொரு தடயம் அதே மலையில் இருக்கிறது. நெடுஞ்சடையனின் 23ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று போரைப் பேசுகிறது. பாண்டியன் மலைநாட்டின்மேல் படையெடுத்தான். ஆய் மன்னன் சடையன் கருநந்தனுக்கு எதிரான போர். அரிவியூர்க் கோட்டை அழிக்கப்பட்டது. அந்தப் போரில் இறந்துபட்ட வீரர்களுக்காக நிலம் விடப்பட்டது. தீர்த்தங்கரர்களின் பக்தர்கள் நடந்துவந்த அதே தென்திசை நோக்கி, படைகளும் நடந்திருக்கின்றன.

போருக்குப் பொன் போனதால் கோயில் நின்றதா? பணியை ஏற்றுக்கொண்ட பெரிய மனிதர் அந்தப் போரில் மாண்டாரா? ஆனைமலையில் மாறன் காரி இறந்தபோது முடித்துவைக்கத் தம்பி இருந்தான். இங்கே தம்பி இல்லாமல் போனானா?

என் எண்ணத்தைச் சொல்கிறேன். இரண்டு பாறைகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. வெட்டுவான் கோயில் ஒரே திட்டம். ஒரு பெரிய கை கொடுத்தால்தான் நடக்கும். அந்தக் கை மூடிக்கொண்டால் மறுநாளே உளி நிற்கும். சமணப் பாறை அப்படி அல்ல. ஒரு தச்சர் தன் சேமிப்பில் ஒரு திருமேனி வைக்கிறார். அடுத்த ஆண்டு ஒரு குரத்தியாரின் மாணாக்கர் இன்னொன்று வைக்கிறார். ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர். எவர் மாண்டாலும் வரிசை நீள்கிறது. அரசர்கள் மாறிய பிறகும், தலைமுறைகள் கடந்தும் அது நீண்டது. தோட்டத்துக் கோயில்கள் சம்பளக் காசில் சிறிது சிறிதாக எழுந்ததும் இதே வழியில்தான். துரை கொடுத்த நிலத்தில், துரை போன பிறகும் அவை நின்றன.

அரசனின் கையைவிட ஊரின் கைகள் நீண்ட காலம் தாங்கின. கழுகுமலையில் இதை அளந்தே பார்க்கலாம்.

*

இதைச் சொல்லும்போது, கழுகுமலையைச் சண்டையே அறியாத ஊராக நான் காட்டிவிடக் கூடாது. 1895ஆம் ஆண்டு பங்குனி உத்திரத் தேரோட்டத்தின்போது இதே தெருக்களில் இரத்தம் சிந்தியது. ஜமீனுக்கும் நாடார் சமூகத்துக்கும் இடையே தேர்வீதியில் நடக்கும் உரிமை பற்றி மூண்ட பகை, உயிர்களைக் குடித்தது. அதைத் தனி அத்தியாயமாக எழுத வேண்டும், எழுதுவேன். ஒரே குன்றில் ஐந்து தெய்வங்கள் அருகருகே இருப்பது, மனிதர்கள் எந்நாளும் அப்படி இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஆனால் சமணப் பாறையைப் பொறுத்தவரை ஒன்றைத் துணிந்து சொல்லலாம். மதப்பகையால் துடைத்தழிக்கப்பட்ட இடத்தில் இத்தனை திருமேனிகள் இத்தனை தெளிவான முகங்களோடு எஞ்சியிருக்க மாட்டா. அடிவாரத்தில் முருகனுக்கு அரோகரா சொல்லும் ஊரார், மேலே இருக்கும் இவர்களை விட்டுவைத்தார்கள். பக்கத்திலேயே ஐயனாரை வைத்து விளக்கேற்றினார்கள். மலைக்குப் போகும் பாதை தேயாமல் இருந்தது ஐயனாரால்தான் என்று நினைக்கிறேன். இப்போது அந்தப் பாறையும் வெட்டுவான் கோயிலும் தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன.

எஞ்சுவது இதுதான். சிற்பங்கள் இருக்கின்றன. செதுக்கச் சொன்னவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் வழிவந்தவர்கள் இல்லை.

தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஆனால் அவர்கள் வடக்கே, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் இருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடம் இருக்கிறது. நயினார் என்ற பட்டத்தோடு, தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, உழவுத் தொழில் செய்து வாழும் சமூகம் அது. தெற்கே, அரைமலை ஆழ்வாரைத் தேடி நூறு கல் நடந்துவந்த குயவர்களின், தச்சர்களின், குரத்தியாரின் மாணாக்கர்களின் ஊர்களில் இன்று ஒரு பழைய சமணக் குடும்பமும் தென்படவில்லை.

மூன்று வழிகள் இருக்கலாம். அவர்கள் வடக்கே பெயர்ந்திருக்கலாம். திருநீறு பூசியோ திருமண் இட்டோ அக்கம்பக்கத்தாரோடு மெல்லக் கரைந்திருக்கலாம். அல்லது அவர்கள் எங்கும் போகாமல், தெய்வத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அதே பாறையைத் தொடர்ந்து கும்பிட்டிருக்கலாம்.

மூன்றாவது வழி நடந்ததற்கு ஓர் இடம் சாட்சி சொல்கிறது. கழுகுமலைக்குக் குரத்திகளை அனுப்பிவைத்த அதே திருச்சாரணம். இன்றைய சிதறால் மலை. அங்கேயும் பாறையில் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் இயக்கி அம்பிகை இருக்கிறாள். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்தக் கோயில் பகவதி கோயிலாகி இருக்கிறது, இன்றும் அவ்வாறே வணங்கப்படுகிறது.

சிதறாலில் அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களா, அல்லது திருச்சாரணத்துக் குரத்திகளிடம் பாடம் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தானா?

(அடுத்த வாரம்: சிதறால்)